மூன்றாம் வகுப்பில் நூறு பேர், எட்டாம் வகுப்பில் எத்தனை பேர்?

நேயர்களுக்கு வணக்கம். நியூயார்க் நகரில் பிள்ளையைக் கிண்டர்கார்டன் சேர்க்கப்போகும் வீடுகளில் இந்தப் பருவத்தில் தவறாமல் எழும் பேச்சு ஒன்று உண்டு: "பக்கத்துல இருக்கற சார்ட்டர் பள்ளியில போடலாமா?"

சீருடை, கண்டிப்பு, தனிப் பெயர்ப்பலகை இவற்றைப் பார்த்தால் நம் ஊர் மெட்ரிகுலேஷன் பள்ளி நினைவுக்கு வரும். ஆனால் இங்கே கட்டணம் இல்லை, நுழைவுத் தேர்வும் இல்லை. அரசுப் பணத்தில், தனி அறங்காவலர் குழு நடத்தும் பொதுப்பள்ளி இது. மினசோட்டா மாநிலம் 1991-இல் இதற்கு முதல் சட்டம் இயற்றியது. நியூயார்க் 1998-இல் இயற்றியது. இங்கே பள்ளி நடத்தும் உரிமம் (அதுதான் 'சார்ட்டர்') ஒரு தடவைக்கு அதிகபட்சம் 5 ஆண்டு. அது முடியும்போது பள்ளியை ஆராய்ந்து புதுப்பிப்பார்கள். தேறாவிட்டால் மூடவும் செய்வார்கள்.

அமெரிக்க நகரங்களில் உள்ள சார்ட்டர் பள்ளிகளைப் பற்றி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ ஆய்வு மையம் 2015-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 41 நகர்ப்புறப் பகுதிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அருகிலுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிட இவர்கள் ஓராண்டில் கணிதத்தில் 40 நாள், வாசிப்பில் 28 நாள் கூடுதலாகப் படித்ததற்குச் சமமான முன்னேற்றம் கண்டார்கள் என்றது அது. நல்ல செய்திதான். ஆனால் அது சராசரி. நகரத்துக்கு நகரம், பள்ளிக்குப் பள்ளி பெரிய வித்தியாசம் இருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. உங்கள் பிள்ளை போகப்போவது சராசரிக்கு இல்லை, குறிப்பிட்ட ஒரு கட்டடத்துக்கு.

விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது தேர்ச்சி விழுக்காடு. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலம், கணிதம் இரண்டிலும் மாநிலத் தேர்வு நடக்கும். நான்கு நிலைகளில் 3, 4 வாங்கினால் தேர்ச்சி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றாம் வகுப்பில் 100 பேர் இருந்தார்கள். அதே பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு வரும்போது 50 பேர்தான் மிச்சம். அந்த 50-இல் 45 பேர் தேர்ச்சி. தாளில் 90 விழுக்காடு என்று வரும். பள்ளியை விட்டுப் போன 50 பேர் எந்தக் கணக்கிலும் இல்லை. நான் பெற்றோரிடம் மன்றாடிக் கேட்பது இதுதான்: விழுக்காட்டுக்கு முன்னால் தலையை எண்ணுங்கள்.

எண்ணுவதிலும் ஒரு பக்குவம் வேண்டும். இந்த ஆண்டின் மூன்றாம் வகுப்பையும் இந்த ஆண்டின் எட்டாம் வகுப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். புதிதாக வளரும் பள்ளியில் மேல் வகுப்புகள் தொடக்கத்திலேயே சிறியவையாக இருந்திருக்கலாம். ஒரே கூட்டத்தைப் பின்தொடருங்கள்: 5 ஆண்டுக்கு முந்தைய மூன்றாம் வகுப்பு, அடுத்த ஆண்டின் நான்காம் வகுப்பு, அதற்கடுத்த ஆண்டின் ஐந்தாம் வகுப்பு என்று. மாநிலக் கல்வித் துறையின் இணையதளத்தில் பள்ளிவாரியாக, வகுப்புவாரியாக இந்த எண்கள் கிடைக்கும். ஒரு தாளில் எழுத அரை மணி நேரம் போதும். ஒரு வகுப்பில் மட்டும் எண் திடீரென்று பெருத்தால், பலரை அதே வகுப்பில் மறுபடி உட்கார வைத்திருக்கலாம். எண் குறையவே இல்லை என்றாலும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். காலி இடத்தில் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளியில் வெளியேற்றம் கண்ணில் படாது. அப்படிச் சேர்ப்பது நல்ல வழக்கம். சில பள்ளிகள் ஒரு குறிப்பிட்ட வகுப்போடு அதை நிறுத்திவிடுகின்றன. ஆகவே பள்ளியிடம் நேராகக் கேளுங்கள்: "இப்போது எட்டாவதில் இருப்பவர்களில் எத்தனை பேர் உங்களிடம் கிண்டர்கார்டனில் தொடங்கியவர்கள்?" வாடகை ஏறி வீடு மாறுகிற குடும்பங்கள் இந்த நகரில் ஏராளம். அதனால் அருகிலுள்ள அரசுப் பள்ளியின் எண்ணையும் எடுத்து ஒப்பிட்டால்தான் நியாயம்.

அடுத்தது, பள்ளியை விட்டு இடைநீக்கம் செய்யும் வழக்கம். எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பில், எத்தனை நாள் என்று கேளுங்கள். கிண்டர்கார்டன் பிள்ளையை இடைநீக்கம் செய்ததுண்டா என்று தனியாகக் கேளுங்கள். கணக்கில் வராத இடைநீக்கமும் உண்டு. மதியம் 12 மணிக்குத் தொலைபேசி வரும்: "இன்று அவனால் உட்கார முடியவில்லை, வந்து அழைத்துப் போங்கள்." வாரம் இரண்டு முறை அப்படி வந்தால் வேலைக்குப் போகிற தாய் எத்தனை நாள் தாங்குவாள்? தானாகவே பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவாள். ஏட்டில் "பெற்றோர் விருப்பம்" என்று பதிவாகும். "இந்தப் பள்ளி உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாது என்று தோன்றுகிறது" என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் எழுத்தில் வராது.

சிறப்புக் கல்வித் தேவையுள்ள பிள்ளை என்றால் இன்னும் கவனம் வேண்டும். பிள்ளையைச் சோதித்து ஐ.ஈ.பி. எனப்படும் தனிக் கல்வித் திட்டம் எழுதுவது சார்ட்டர் பள்ளி அல்ல, நகரக் கல்வித் துறையின் குழு. பள்ளியிடம் கேட்க வேண்டியது, அந்தத் திட்டத்தில் உள்ளதைத் தர அவர்களிடம் ஆள் இருக்கிறார்களா என்பதை. இரண்டு ஆசிரியர் சேர்ந்து நடத்தும் ஐ.சி.டி. வகுப்பு எல்லா நிலையிலும் இருக்கிறதா? 12 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் உள்ள சிறு வகுப்பு இருக்கிறதா? இந்த இரண்டாவது பல சார்ட்டர் பள்ளிகளில் கிடையாது. பேச்சுப் பயிற்சி தருபவர் வாரம் எத்தனை நாள் வருகிறார்? இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: ஐ.ஈ.பி. உள்ள பிள்ளையை ஒழுங்கு நடவடிக்கையாகத் தொடர்ந்து 10 பள்ளி நாளுக்கு மேல் விலக்கினால், அந்த நடத்தை அவன் குறைபாட்டால் வந்ததா என்று கூட்டம் போட்டு ஆராய வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். சார்ட்டர் பள்ளிக்கும் இது பொருந்தும்.

ஓபன் ஹவுஸ், அதாவது பெற்றோரை அழைத்துப் பள்ளியைச் சுற்றிக் காட்டும் நாள், அன்று பார்ப்பது கல்யாண வீட்டு அலங்காரம். சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில் வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். உள்ளே போனால் சுவரைப் பாருங்கள். ஒட்டியிருக்கும் பிள்ளைகளின் எழுத்தில் தேதி இருக்கிறதா, அடித்துத் திருத்திய தடம் இருக்கிறதா, ஆசிரியர் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறார்? இருபது தாளும் ஒரே வாக்கியத்தில் தொடங்கினால் அது கரும்பலகையைப் பார்த்து எழுதியது. பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து, முழு வாக்கியமாகப் பேசிய பிள்ளைகளை எண்ணுங்கள். ஒரு பிள்ளை தவறான விடை சொல்லும் நொடிதான் முக்கியம். ஆசிரியர் "எப்படி வந்தது, சொல்லு" என்கிறாரா, அடுத்த பிள்ளைக்குத் தாவிவிடுகிறாரா? அமைதியான வரிசையும் நேராக உட்காருவதும் தம்மளவில் குற்றமில்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை கழிப்பறைக்குப் போக என்ன செய்ய வேண்டும், வரிசையில் பேசினால் என்ன நடக்கும் என்று விசாரித்துவிட்டு வாருங்கள். கூடவே, இந்த மாடியில் உள்ள ஆசிரியர்களில் போன ஆண்டும் இங்கே இருந்தவர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள்.

பல சார்ட்டர் பள்ளிகள் அரசுப் பள்ளிக் கட்டடத்திலேயே வேறு பள்ளிகளோடு இடம் பகிர்கின்றன. உணவுக்கூடம், உடற்பயிற்சிக்கூடம், நூலகம் எல்லாம் முறை வைத்துத்தான். மதிய உணவு காலை 10:30-க்கு வந்துவிட்டு, பள்ளி 4 மணிக்கு விடுகிறதா என்று பாருங்கள்.

உரிமம் எந்த ஆண்டு முடிகிறது என்று அவசியம் கேளுங்கள். கடைசியாகப் புதுப்பித்தபோது முழு 5 ஆண்டு கிடைத்ததா, 2 அல்லது 3 ஆண்டுதானா? குறுகிய காலம் என்றால் காரணம் புதுப்பிப்பு அறிக்கையில் இருக்கும். அது பொது ஆவணம். அறங்காவலர் கூட்டமும் சட்டப்படி திறந்த கூட்டம்தான். கடைசி ஆறு கூட்டங்களின் குறிப்பைப் படித்தால், முதல்வர் மாறினாரா, சேர்க்கை இலக்கைவிடக் குறைகிறதா என்று தெரிந்துவிடும். பணம் தலைக்கு இவ்வளவு என்று வருவதால், சேர்க்கை சரிந்தால் முதலில் அடிபடுவது ஓவிய ஆசிரியரும், ஒரே வகுப்பில் இருவர் இருந்தால் அந்த இரண்டாவது ஆசிரியரும்தான். புகார் என்றால் முதலில் எழுத வேண்டியதும் இந்தக் குழுவுக்கே. அங்கே தீராவிட்டால் உரிமம் தந்த அமைப்புக்கு.

விண்ணப்பத்தை ஏப்ரல் 1-க்குள் போட்டுவிடுங்கள். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கிப் போட்டுத்தான் சேர்ப்பார்கள், அந்தக் குலுக்கல் அந்த மாதத்தில்தான். ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் உடன்பிறப்புகளுக்கும், அந்தப் பள்ளி மாவட்டத்தில் குடியிருப்பவர்களுக்கும் முன்னுரிமை உண்டு. நகரத்தின் கிண்டர்கார்டன் விண்ணப்பம் வேறு, இது வேறு, இரண்டையும் போடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் எண் பெரிதாக இருந்தாலும் மனம் தளர வேண்டாம், ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பட்டியல் நன்றாக நகரும். அழைப்பு வந்தால் எத்தனை நாளில் பதில் தர வேண்டும் என்று உடனே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்று, முகவரிச் சான்று, தடுப்பூசிப் பதிவு மூன்றும் ஒரே உறையில் தயாராக இருக்கட்டும். சேர்க்கை உறுதியாகும்வரை அரசுப் பள்ளியில் கிடைத்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.