சிறைக்குள் கணக்குப் பாடம்: சிலேட்டில் தொடங்க வேண்டாம்

(சிறைவாசிகளுக்குக் கற்பிக்க முன்வந்த தன்னார்வலர்களிடையே தருமபுரியில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். சாப்பாட்டுக்கு முன்னால் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. அதை வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, ஒன்று இரண்டிலிருந்து ஆரம்பிப்போம் என்று கிளம்பினீர்கள் என்றால் மறுநாள் வகுப்புக்கு ஆள் வராது. பாலக்கோடு மண்டியில் வருஷக்கணக்காகத் தக்காளிப் பெட்டி ஏற்றி இறக்கியவர், கமிஷன், ஏற்றுக்கூலி, வண்டி வாடகை எல்லாம் கழித்து விவசாயி கைக்கு என்ன வரும் என்று வாயாலேயே சொல்லிவிடுவார். அவரிடம் போய் வாத்துப் படம் காட்டி எத்தனை வாத்து என்று கேட்பதா?

பிரேசிலில் ரெசிஃபே என்ற ஊரில் தெருவியாபாரம் செய்த சிறுவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1985-ல் வெளிவந்தது. கடையில் நின்று மனக்கணக்காகப் போட்டதில் 98 சதவீதம் சரி. அதே கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்ததும் 37 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஆகவே முதலில் அவர் எப்படிப் போடுகிறார் என்று கேளுங்கள், அப்புறம் அந்த வழியையே தாளில் எழுதிக் காட்டுங்கள்.

சரி, எந்தக் கணக்கு? அவர் ராத்திரி தூங்காமல் போடுகிற கணக்கு. நம் பக்கத்துக் கிளைச் சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவுப்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், இப்போது சாட்டப்பட்ட குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் பிணைப்பத்திரத்தில் விடுதலை கேட்கலாம், மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கு இது இல்லை, வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் இல்லை. இப்போது ஏழு வருஷத் தண்டனைக்குரிய வழக்கு என்று வையுங்கள். ஏழை மூன்றால் வகுத்தால் 2.33. இதை இரண்டு வருஷம் முப்பத்து மூன்று நாள் என்று படிப்பவர்கள் உண்டு, வெளியே படித்தவர்களிலும் உண்டு! 84 மாதமாக மாற்றி வகுத்தால் 28 மாதம், அதாவது இரண்டு வருஷம் நாலு மாதம். வகுத்தல், பின்னம், தசமம் மூன்றும் இந்த ஒரே கணக்கில் வந்துவிடுகின்றன, ஒரு நாட்காட்டியைக் கையில் கொடுத்தால் போதும். ஒன்று மட்டும், யாருக்கும் விடுதலைத் தேதி குறித்துக் கொடுக்காதீர்கள். கணக்கு நம் வேலை, வழக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞர் வேலை.

அடுத்தது தண்டல். பத்தாயிரம் என்று பேசி 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள், தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வட்டி எவ்வளவு என்றால் எல்லோரும் பதினைந்து சதவீதம் என்பார்கள். இல்லை, கையில் வந்தது 8,500தான், அதுவும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகிறது, பாதி நாளில் பாதிக்கு மேல் திருப்பிக் கொடுத்தாயிற்று, ஆனால் வட்டி மட்டும் முழுசாக. வருஷத்துக்குப் பார்த்தால் நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. இதை அவசரப்படாமல் பலகையில் ஒவ்வொரு வரியாகப் போடுங்கள், சண்டை வரும், வரட்டும். வெளியே போனதும் முதலில் கதவைத் தட்டப்போவது தண்டல்காரர்தான்.

ஆறு மாதப் பாடத்திட்டம் எல்லாம் இங்கே எடுபடாது. இன்று வந்தவருக்கு நாளை ஜாமீன் கிடைக்கும், தண்டனை ஆனவர் சேலம் மத்திய சிறைக்குப் போய்விடுவார். ஒவ்வொரு வகுப்பும் அன்றைக்கே முடிகிற மாதிரி இருக்கட்டும். பெரியவர்களை 'அண்ணே', 'ஐயா' என்றே கூப்பிடுங்கள், தப்பாகச் சொன்னாலும் சிரிக்காதீர்கள்.

கிருஷ்ணகிரி பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று: ஓசூர், தேன்கனிக்கோட்டை ஆட்களில் பலர் தெலுங்கிலோ கன்னடத்திலோதான் மனசுக்குள் எண்ணுவார்கள். எண்ணட்டும், எழுதுகிற எண் ஒன்றுதானே. உங்களில் அந்த மொழிகள் தெரிந்தவர்கள் சாப்பிடப் போகும் முன் வாசலில் இருக்கிற நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.