நல்லவர் விடுப்பில் இருக்கும் நாளில்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், நூலகர்கள், விடுதிக் காப்பாளர்கள் எல்லோரும் இன்று ஒரே அரங்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வழக்கமாக ஆசிரியர்களுக்கு ஒரு கூட்டம், அலுவலகத்துக்கு வேறொரு கூட்டம் என்றுதான் நடக்கும். ஆனால் மாணவருக்கு நிறுவனம் ஒன்றுதான். காலையில் வகுப்பில் கிடைத்த அன்பான வார்த்தையை, மதியம் கட்டணக் கவுன்ட்டரில் விழுந்த ஓர் அதட்டல் அழித்துவிடும்.

எல்லா நிறுவனத்திலும் இளகிய மனம் கொண்ட ஒருவர் இருப்பார். சான்றிதழ் வேண்டுமா, விண்ணப்பத்தில் குழப்பமா, மனசு சரியில்லையா, மாணவர்கள் அவரைத்தான் தேடிப் போவார்கள். "அந்த மேடம் இருந்தா போ, இல்லைன்னா நாளைக்குப் போ" என்று மூத்த மாணவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அவரை நாம் மனமாரப் பாராட்ட வேண்டும். கூடவே ஒன்றைக் கேட்டுக்கொள்ளவும் வேண்டும்: அவர் விடுப்பில் இருக்கும் நாளில் வருகிற மாணவரின் கதி என்ன?

மாணவரின் நிலையை உணர்ந்து நடப்பது யாரோ ஒருவருடைய குணமாக மட்டும் நின்றுவிட்டால், அது கிடைப்பதும் கிடைக்காததும் மாணவரின் அதிர்ஷ்டமாகிவிடுகிறது. அது நம் எல்லோருடைய வழக்கமாக வேண்டும்; படிவத்திலும் பதிவேட்டிலும் அறிவிப்புப் பலகையிலும் இடம்பிடிக்க வேண்டும். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒத்துணர்வு என்றதும், "அவன் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன்" என்கிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் அங்கே போய் நின்று நாம் பார்ப்பது பெரும்பாலும் நம்மைத்தான். டால் எயால், மேரி ஸ்டெஃபல், நிக்கலஸ் எப்லி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் இதை 25 சோதனைகளில் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். மற்றவரின் இடத்தில் தங்களை வைத்துப் பார்த்தவர்கள், அவருடைய உணர்வையோ விருப்பத்தையோ கூடுதல் துல்லியமாகக் கணித்துவிடவில்லை. அவரிடமே பேசிக் கேட்டுத் தெரிந்துகொண்டபோதுதான் கணிப்பு மேம்பட்டது.

வகுப்பில் தூங்கி வழிகிற ஒரு மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் கைபேசி பார்த்திருப்பான் என்று ஓர் ஆசிரியர் நினைக்கிறார். பாவம், வேலைக்குப் போய்விட்டு வருகிறான் போலிருக்கிறது என்று இன்னொருவர் நினைக்கிறார். இரண்டாவது ஊகம் கனிவானது, ஆனாலும் ஊகம்தான். அதை நம்பி அவர் எல்லோர் முன்னிலையிலும் பண உதவி பற்றிப் பேச ஆரம்பித்தால், அந்தப் பையன் தலைகுனிந்து போவான். உண்மைக் காரணம் புதிதாகத் தொடங்கிய மாத்திரையாக இருக்கலாம், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்வதாக இருக்கலாம். கேட்காமல் தெரியாது.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. தனியாகக் கேளுங்கள், வகுப்பு முடிந்ததும் வாசலருகே இரண்டு நிமிடம் போதும். "ஏன்" என்று தொடங்காதீர்கள். "ஏன் லேட்?" என்றால் மாணவர் காதில் அது குற்றச்சாட்டாகவே விழும், தப்பிக்க ஏதாவது ஒரு பதிலைத் தேடுவார். நீங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்: "இந்த வாரம் மூணு நாள் முதல் பீரியடுக்கு வரலையேப்பா, என்ன நடக்குது?" கேட்ட பிறகு பேசாமல் இருங்கள். இதுதான் கடினம். 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருப்பதைக் கண்டார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாமல் இருப்பது குறைந்தது. பாடக் கேள்விக்கே இப்படியென்றால், மனத்துக்குள் இருப்பதைச் சொல்ல இன்னும் அதிக நேரம் வேண்டாமா?

அவர் சொல்லி முடித்ததும், கேட்டதை ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொல்லி, "சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?" என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அடுத்து, "இப்ப எது நடந்தா உனக்கு உதவியா இருக்கும்?" என்று கேளுங்கள். பெரும்பாலான உரையாடல்கள் இந்தக் கட்டத்தை எட்டுவதே இல்லை. அதற்குள் அறிவுரை வந்துவிடுகிறது. "இதெல்லாம் ஒரு பிரச்சினையா? நாங்க படிச்ச காலத்துல..." என்று தொடங்கிய நொடியில் கதவு சாத்தப்பட்டுவிடும். கடைசியாக, நீங்கள் செய்யப்போகிற ஒரு காரியத்தையும் அதற்கான நாளையும் சொல்லுங்கள். முடியாததைச் சொல்லாதீர்கள். அக்கறையைப் பெறுகிறவர் அதை அக்கறையாக உணர்ந்தால்தான் அது முழுமையாகும் என்று கல்விச் சிந்தனையாளர் நெல் நோடிங்ஸ் வாதிட்டார். நாம் எவ்வளவு உருகினோம் என்பது கணக்கில் வராது. மாணவருக்கு வந்து சேர்ந்ததா என்பதே கணக்கு.

இங்கே ஓர் எச்சரிக்கை. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். "உன் உயிருக்கோ வேறு யாருக்கோ ஆபத்துன்னா மட்டும் பொறுப்பானவங்ககிட்ட சொல்லியாகணும், மத்தபடி இது நமக்குள்ள இருக்கும்" என்று மாணவர் பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கொடுத்த வாக்கைப் பிறகு மீற நேர்ந்தால் அவர் வேறு எந்தப் பெரியவரையும் நம்ப மாட்டார். தற்கொலை எண்ணம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மனநல ஆலோசகரிடம் அனுப்ப வேண்டியிருந்தால் அறை எண்ணைச் சொல்லி அனுப்பிவிடாமல் கூடவே நடந்து போய் அறிமுகம் செய்துவையுங்கள். மாணவரின் அனுமதியோடு இரண்டு வரிக் குறிப்பும் கொடுங்கள். ஒரே வேதனையை மூன்று பேரிடம் முதலிலிருந்து சொல்ல வைத்தால், மூன்றாவது ஆளிடம் அவர் போகவே மாட்டார்.

அடுத்து வருவது, நல்லவர்களுக்கே கசப்பாக இருக்கக்கூடிய விஷயம். ஒத்துணர்வு ஒருதலைப்பட்சமானது. 1995இல் டேனியல் பேட்சனும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஒரு சோதனையில், கொடிய நோயுள்ள பத்து வயதுச் சிறுமி ஒருத்தி உதவிக்கான காத்திருப்புப் பட்டியலில் இருப்பதாகப் பங்கேற்றவர்களிடம் சொல்லப்பட்டது. அவளுடைய உணர்வுகளை மனத்தில் கொண்டுவரச் சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர், அவளைவிட அதிகத் தேவையுள்ள குழந்தைகளைத் தாண்டி அவளை முன்னே நகர்த்த முடிவெடுத்தார்கள். அந்த மற்றக் குழந்தைகளின் கதையை அவர்கள் கேட்கவில்லை. அதனால் அந்தக் குழந்தைகள் வெறும் பெயர்களாகவே இருந்துவிட்டார்கள்.

நம் அறைகளிலும் இதுதான் நடக்கிறது. நன்றாகப் பேசத் தெரிந்த மாணவர், கண் கலங்குகிற மாணவர், பெற்றோரை அழைத்து வரக்கூடிய மாணவர் ஆகியோருக்குச் சலுகை கிடைக்கிறது. கேட்கவே கூச்சப்படுகிற மாணவர் தாமதத்துக்கான மதிப்பெண் வெட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் போகிறார். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் கஷ்டம் இருந்திருக்கலாம். நம் பரிவு அதைச் சொல்லத் தெரிந்தவருக்குப் போய்விட்டது. பொது விழுமியங்கள், அதாவது நாம் எல்லோரும் ஒன்றுபோலக் கடைப்பிடிக்கும் நெறிகள், வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பரிவு யாரைத் தவறவிடுகிறது என்பதை நமக்குக் காட்டுபவை அவை.

ஒப்படைவுத் தேதியையே எடுத்துக்கொள்வோம். பருவத்துக்கு ஒருமுறை, எந்தக் காரணமும் கேட்காமல் 48 மணி நேரம் கூடுதல் அவகாசம் எல்லோருக்கும் உண்டு என்று முதல் வாரத்திலேயே எழுதி ஒட்டிவிடலாம். சின்னப் படிவம் ஒன்றில் பெயரும் தேதியும் எழுதிக் கொடுத்தால் போதும். அதற்கு மேலும் நேரம் வேண்டுமானால் அதை முடிவு செய்வது இன்னார், என்ன சான்று வேண்டும், எத்தனை நாளில் பதில் வரும் என்பதும் அதே அறிவிப்பில் இருக்கட்டும். பொய்க் காரணங்கள் குறையும், ஆசிரியருக்கும் விசாரணை மிச்சம். முக்கியமாக, வாய் திறக்காத மாணவருக்கும் அவகாசம் கிடைக்கும். இதிலும் ஓர் ஓட்டை உண்டு. நான்கு பாடங்களின் ஒப்படைவும் ஒரே வாரத்தில் விழுந்தால் இந்த 48 மணி நேரம் எதற்கும் பற்றாது. அதனால் தேதிகளை ஆசிரியர்கள் கலந்து பேசி முன்கூட்டியே பிரித்துவைக்க வேண்டும்.

இனி விழுமியங்களை எழுதுவது எப்படி? ஒழுக்கம், நேர்மை, அன்பு என்று சுவரில் எழுதிவைப்பதால் யாருடைய நடத்தையும் மாறாது. யார் வேண்டுமானாலும் தான் அப்படித்தான் நடப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். நடந்ததா இல்லையா என்று மூன்றாம் மனிதர் பார்த்துச் சொல்லக்கூடிய வாக்கியமாக ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். கட்டண நிலுவையைப் பற்றி மற்றவர் காதில் விழும்படி பேச மாட்டோம். தவறான இடத்துக்கு வந்துவிட்ட மாணவரை, யாரிடம், எந்த அறைக்கு, என்ன தாளோடு, எந்த நேரத்தில் போக வேண்டும் என்று சொல்லாமல் அனுப்ப மாட்டோம். ஒருவருக்கு விதிவிலக்கு கொடுத்தால், அதே நிலையில் உள்ள எல்லோருக்கும் அதைக் கொடுப்போம், பதிவும் செய்வோம். இப்படி நான்கைந்து வாக்கியங்கள் போதும். பத்துக்கு மேல் போனால் யாருக்கும் நினைவில் நிற்காது.

விழுமியங்கள் ஒன்றோடொன்று மோதும்போது எது முந்தும் என்பதையும் அப்போதே முடிவுசெய்துவிடுங்கள். என் கருத்தில், மாணவரின் பாதுகாப்பு முதலில். அடுத்தது அவருடைய கண்ணியம், அதன் பிறகு விதி, கடைசியில் நம் வசதி. 1989இல் ஏற்கப்பட்ட ஐ.நா. குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையும், பள்ளி ஒழுங்கு குழந்தையின் மனித மாண்புக்கு ஏற்ப நடத்தப்பட வேண்டும் என்றுதான் சொல்கிறது. குழந்தையைப் பாதிக்கும் விஷயங்களில் அதன் கருத்தைக் கேட்டு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்கிறது அதன் 12ஆம் பிரிவு. ஆகவே இந்த வாக்கியங்களை எழுதும் மேசையில் மாணவர்களும் இருக்க வேண்டும், அதுவும் முதல் மதிப்பெண்காரர்கள் மட்டுமாக இருக்கக் கூடாது. பாடத்தில் தவறி மறுபடி எழுதுகிறவர், தொலைவிலிருந்து வருகிறவர், மாற்றுத்திறனாளி மாணவர் ஆகியோருக்குத்தான் நம் படிக்கட்டுகள் எங்கே உயரம் என்று தெரியும்.

ஒத்துணர்வு என்றால் தளர்த்திவிடுவது என்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. பாவம் என்று இரண்டு மதிப்பெண் கூட்டிப்போடுவது, உன்னால் இவ்வளவுதான் முடியும் என்று சொல்வதற்குச் சமம். டேவிட் யேகரும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், திருத்திய கட்டுரைகளோடு ஒரு சிறு குறிப்பு இணைக்கப்பட்டது. உன்னிடம் மிக உயர்ந்த எதிர்பார்ப்பு வைத்திருக்கிறேன், அதை உன்னால் எட்ட முடியும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன் என்பது அதன் சாரம். அந்தக் குறிப்பைப் பெற்றவர்களில் கட்டுரையைத் திருத்தி மறுபடி கொடுத்தவர்கள் அதிகம்; பள்ளி மீது நம்பிக்கை குறைந்திருந்த மாணவர்களிடம் அதன் பலன் கூடுதலாகத் தெரிந்தது. குறிப்பு மட்டும் இருந்து, எதைத் திருத்துவது என்ற விவரம் இல்லையென்றால் பயனில்லை. "இன்னும் முயற்சி செய்" என்பதற்குப் பதிலாக, "இரண்டாம் பத்தியில் காரணம் சொல்லியிருக்கிறாய், சான்று இல்லை, ஒரு சான்று சேர்" என்று எழுதுங்கள்.

தண்டனை விஷயத்திலும் அப்படித்தான். ஜேசன் ஒகோனோஃபுவா குழுவினரின் 2016ஆம் ஆண்டு ஆய்வில், ஐந்து நடுநிலைப் பள்ளிகளின் கணித ஆசிரியர்களில் ஒரு பகுதியினர் சிறிய இணையவழிப் பயிற்சி ஒன்றைச் செய்தார்கள். மாணவர்கள் ஏன் தவறாக நடக்கக்கூடும், நல்ல உறவு அவர்களுக்கு எப்படிக் கைகொடுக்கிறது என்று படித்துவிட்டு, தங்கள் வகுப்பில் அதை எப்படிச் செய்வோம் என்று எழுதினார்கள். அந்த ஆசிரியர்களிடம் படித்த மாணவர்களில் அந்த ஆண்டு இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள் 4.8 சதவீதம், அந்தப் பயிற்சியைச் செய்யாத ஆசிரியர்களிடம் படித்தவர்களில் 9.6 சதவீதம்.

அலுவலக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் படிவங்களை எடுத்து, ஒரு மாணவராக உட்கார்ந்து நீங்களே நிரப்பிப் பாருங்கள். தந்தை பெயர் கட்டாயம் என்று முதல் வரியிலேயே இருந்தால், தந்தை இல்லாத பிள்ளை அங்கேயே திகைத்து நிற்கும். பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்று மாற்ற ஒரு நிமிடம் ஆகாது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் விவரத்தை மறுபடி கேட்காதீர்கள். கவுன்ட்டரில் ஒருவர் பேசுவது வரிசையில் நிற்பவருக்குக் கேட்காதபடி தரையில் ஒரு கோடு போடுங்கள், தனியாகப் பேச வேண்டியவருக்கு ஒரு நாற்காலி ஒதுக்குங்கள். ஒரு வேலைக்காக ஒரு மாணவர் எத்தனை முறை வந்து போகிறார் என்று இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள். இரண்டு முறைக்கு மேல் போனால் பெரும்பாலும் தவறு அறிவிப்பில் இருக்கும். தேவையான தாள்களின் பட்டியல் எங்கோ விடுபட்டிருக்கும்.

இவ்வளவையும் செய்கிறவர்களும் மனிதர்கள்தாம். நாள் முழுக்க அடுத்தவர் துயரத்தைக் கேட்கிறவருக்கு இடையில் மூச்சுவிட நேரம் வேண்டும். கனமான உரையாடல் ஒன்று முடிந்ததும் பத்து நிமிடம் தள்ளி அடுத்தவரை அழைக்க அனுமதி வேண்டும். நிர்வாகம் பணியாளரை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொள்ளும் இடத்தில், பணியாளர் மாணவரை மட்டும் தனியாக அழைத்துக் கனிவாகப் பேசுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

முதல் கூட்டத்தை இந்த மாதமே போட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் போதும். கடந்த பருவத்தில் நடந்த மூன்று நிகழ்வுகளை, பெயர்களை நீக்கிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று வகுப்பறையிலிருந்து, ஒன்று அலுவலகத்திலிருந்து, ஒன்று விடுதியிலிருந்து இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் மாணவர் எத்தனை பேரைச் சந்தித்தார், ஒவ்வொருவரும் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்படும் இடத்தில்தான் உங்கள் முதல் வாக்கியம் எழுதப்பட வேண்டும். அதைச் செயல்படுத்தப் பொறுப்பானவரின் பெயரையும், மறுபடி கூடிப் பார்க்கும் தேதியையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். பேருந்து ஓட்டுநரையும் காவலரையும் அந்தக் கூட்டத்துக்கு அழைக்க மறந்துவிடாதீர்கள்; காலையில் மாணவர் முதலில் பார்க்கும் முகம் அவர்களுடையது. நன்றி, வணக்கம்.