விபத்தில் அடிபட்டால் இழப்பீடு: வக்கீல் செய்வது எது, நீங்கள் செய்ய வேண்டியது எது?

[திரையில்: அரசு மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவின் வாசல். குரல் மட்டும்.]

ரோட்டில் அடிபட்டவரை ஆட்டோவிலோ 108-லோ ஏற்றிக் கொண்டுபோய் இறக்கியதும் டியூட்டி டாக்டர் ஒரு கேள்வி கேட்பார்: "எப்படி அடிபட்டது?" கூட வந்த மச்சானோ பக்கத்து வீட்டுக்காரரோ பதற்றத்தில், "பைக்ல இருந்து விழுந்துட்டாரு சார்" என்பார். டாக்டர் அதையே விபத்துப் பதிவேட்டில் எழுதிவிடுவார். எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்று சொல்வது இந்தப் பதிவின் நகலைத்தான்.

பின்னால் மினி லாரி வந்து மோதியது, அதனால்தான் விழுந்தார். ஆனால் காகிதத்தில் லாரியே இல்லை. வழக்கு விசாரணைக்கு வரும் நாளில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் நீட்டுவது அந்த ஒற்றை வரியைத்தான். "நீங்களாகவே விழுந்ததாக மருத்துவமனையில் சொல்லியிருக்கிறீர்களே?" என்று குறுக்கு விசாரணையில் கேட்பார். அதற்குப் பதில் சொல்லி மீள்வது சுலபமில்லை.

அதனால் அடிபட்டவரோடு போகிறவர் நீங்கள் என்றால், எந்த வண்டி மோதியது, எங்கே, எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். வண்டி நம்பர் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். எந்த வக்கீலாலும் பின்னால் போய்ச் சரிசெய்ய முடியாத வேலை இது.

[திரையில்: எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, காயச் சான்றிதழ், எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட்]

சரி, எங்கே கேட்பது? மோட்டார் வாகனச் சட்டம், 1988. அதன் 166-ஆவது பிரிவின்படி, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். தனிக் கட்டடம் தேடிப் போகாதீர்கள். பெரும்பாலும் உங்கள் ஊர் மாவட்ட நீதிமன்றமோ சார்பு நீதிமன்றமோதான் தீர்ப்பாயமாகவும் இயங்கும். சென்னையில் என்றால் சிறு வழக்குகள் நீதிமன்றம். வழக்குக்கு எம்.சி.ஓ.பி. என்று ஆரம்பிக்கும் ஒரு நம்பர் விழும்.

மோதிய வண்டியின் உரிமையாளரும் அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனியும் எதிர்மனுதாரர்கள். இதில் நம்மவர்கள் தயங்குகிற இடம் ஒன்று உண்டு. "மோதினது நம்ம தெருப் பையன். அவனும் கஷ்டப்படுறவன், அவன்மேல எப்படிக் கேஸ் போடறது?" என்பார்கள். மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று சட்டம் சொல்வதே இதற்காகத்தான். பாலிசி உயிரோடு இருந்து நிபந்தனைகளும் மீறப்படாமல் இருந்தால் பணம் தருவது கம்பெனி. அந்தப் பையனின் வீட்டுக் குண்டுமணித் தங்கம்கூட அசையாது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது போன்ற மீறல் இருந்தால்தான் சிக்கல். அப்போதும் பல வழக்குகளில், கம்பெனி முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு வருவதுண்டு.

யார் மேலும் தவறில்லாமல் நீங்களாகவே சறுக்கி விழுந்தால் இந்த வழி கிடையாது. உங்கள் பாலிசியில் உள்ள தனிநபர் விபத்துக் காப்பீட்டைத்தான் பார்க்க வேண்டும். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி, கடைசிவரை எது என்றே தெரியவில்லை என்றால், அரசு திட்டத்தில் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சமும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள தொகை இது. அதற்கு முன்பு வெறும் 12,500-ம் 25,000-மாக இருந்தது.

காலக்கெடுவைக் கவனியுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். எலும்பு கூடட்டும், பிளேட் எடுக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருப்பவர்களுக்கு ஆறு மாதம் ஓடுவதே தெரியாது. சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே மனு போடலாம். பில்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

[திரையில்: விழுப்புரம் – திருநெல்வேலி வரைபடம்]

இனி வக்கீல் விஷயம். நீங்கள் திருநெல்வேலிக்காரர், விழுப்புரம் பக்கத்தில் விபத்து. எந்த ஊர் வக்கீல்? விபத்து நடந்த இடத்திலும் வழக்குப் போடலாம், நீங்கள் குடியிருக்கும் இடத்திலும் போடலாம். என்னைக் கேட்டால் சொந்த ஊர்தான். சாட்சி சொல்லப் போக வேண்டியவர் நீங்கள். ஊன்றுகோலோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் விழுப்புரத்துக்குப் பஸ் ஏற முடியாது. விபத்து நடந்த ஊர் ஸ்டேஷனில் இருந்து ஆவணங்களை வரவழைப்பது வக்கீலின் பாடு. போலீசாரே 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும் 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. விதி இருக்கிறதே என்று சும்மா இருக்காமல், அது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிற வக்கீல்தான் நல்ல வக்கீல்.

வார்டில் படுத்திருக்கும்போதே ஒருவர் ஆப்பிள் பையோடு வந்து, "வக்கீல் ஆபீஸ்ல இருந்து வர்றேன், ஒரு கையெழுத்துப் போடுங்க" என்பார். போடாதீர்கள். யார் அந்த வக்கீல், எந்தக் கோர்ட்டில் பிராக்டிஸ் என்று தெரியாமல் வெற்று வக்காலத்தில் (வக்கீலை நியமிக்கும் படிவத்தில்) கையெழுத்துப் போட்டவர்கள், பிறகு தங்கள் வழக்கின் நம்பரைத் தெரிந்துகொள்ளவே அலைகிறார்கள்.

ஃபீஸ்? "வருகிற தொகையில் இத்தனை சதவீதம்" என்று பேசுவது நடைமுறையில் சகஜம். ஆனால் இழப்பீட்டில் பங்கு கேட்பதை பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. ஒரு தொகையாகப் பேசி, செலவுக்கு எவ்வளவு, ஃபீஸ் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே கிடையாது. தொலைபேசி எண் 15100.

[திரையில்: கணக்கு, ஒவ்வொரு வரியாக]

இப்போது தொகை. ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். வயது 38. மாத வருமானம் 15,000 என்று தீர்ப்பாயம் ஏற்கிறது. சொந்தத் தொழில், நாற்பதுக்குள் வயது என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 21,000. இது 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவு. ஆண்டுக்கு 2,52,000. அவர் வயதுக்குப் பெருக்கு எண், அதாவது ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்ற எண், 15. இது 2009 சர்லா வர்மா தீர்ப்பிலிருந்து. பெருக்கினால் 37,80,000. இதில் எத்தனை சதவீதம் கிடைக்கும் என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

மருத்துவக் குழு, வலது தோள்பட்டைக்கு 30 சதவீத ஊனம் என்று சான்று தருகிறது. அதையே எடுத்தால் 11,34,000. ஆனால் தோளுக்கு மேல் கை தூக்க முடியாதவர் சாரத்தில் ஏறிப் பூச முடியுமா? சட்டிக் கலவையை வாங்க முடியுமா? வருமானம் ஈட்டும் திறனில் 60 சதவீதம் போய்விட்டது என்று நிரூபித்தால் 22,68,000. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் தெளிவுபடுத்தியது: இடது கையை இழந்த தச்சருக்கும், அதே கையை இழந்த அரசு அலுவலக எழுத்தருக்கும் வருமான இழப்பு ஒன்றல்ல.

இங்கேதான் வக்கீலின் தரம் தெரியும். சான்றிதழை மட்டும் கோர்ட்டில் ஆவணமாகக் குறியிட்டுவிட்டு உட்காருகிறாரா, இல்லை உங்களோடு வேலை பார்த்த மேஸ்திரியைக் கூண்டில் ஏற்றி, "முன்பு என்ன வேலை செய்தார், இப்போது என்ன செய்கிறார்?" என்று கேட்கிறாரா? முதல் சந்திப்பிலேயே, உங்கள் அன்றாட வேலையைப் பற்றி எவ்வளவு விசாரிக்கிறார் என்று கவனியுங்கள்.

சம்பளச் சீட்டு இல்லையே என்று கவலை வேண்டாம். கர்நாடகத்தில் கால் இழந்த காய்கறி வியாபாரி சையத் சாதிக்கின் வழக்கில், 2014-இல் உச்ச நீதிமன்றம் வருமானச் சான்று இல்லாமலேயே மாதம் 6,500 என்று எடுத்துக்கொண்டது. 2008-இல் நடந்த விபத்து அது.

மருத்துவச் செலவு, உதவியாளர் செலவு, போக்குவரத்து, வலி வேதனை எல்லாம் இதற்கு மேல் தனி. ஒரிஜினல் பில்களைப் பத்திரமாக வையுங்கள். பார்மசி பில்லின் அச்சு சில மாதத்தில் மங்கிவிடும். வாங்கியவுடன் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

நடுவில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேச அழைப்பார்கள். போகலாம். பணம் சீக்கிரம் வரும், ஆனால் குறையும். அங்கே ஒப்புக்கொண்டால் மேல்முறையீடு கிடையாது. மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், எவ்வளவு விட்டுக்கொடுக்கிறீர்கள் என்றாவது தெரிந்திருக்கும்.

[திரையில்: பஸ் ஸ்டாண்டில் நிற்கும் அரசுப் பேருந்து]

தீர்ப்பு வந்த 30 நாட்களுக்குள் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நிறைவேற்று மனு. "அரசுப் பேருந்து ஜப்தி" என்று பேப்பரில் அடிக்கடி பார்க்கிறோமே, அது இதுதான். பயணிகளை இறக்கிவிட்டு கோர்ட் ஊழியரான அமீனா பஸ்ஸைக் கோர்ட் வளாகத்துக்கு ஓட்டிவரச் செய்வார். தொகை குறைவு என்று தோன்றினால் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு.

பணம் உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வரட்டும். பாஸ்புக்கையும் கையெழுத்திட்ட காசோலையையும் யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள், உங்கள் வக்கீலாகவே இருந்தாலும். விபத்தில் இறந்தவரின் சிறு பிள்ளைகளுக்கு உரிய பங்கை நீதிமன்றம் வைப்புத்தொகையாகப் போட்டுவைக்கும். படிப்புக்கோ மருத்துவத்துக்கோ நடுவில் தேவைப்பட்டால் மனு கொடுத்து எடுக்கலாம்.