தெருவிளக்கு எரியவில்லை, யாரிடம் சொல்வது?

(காட்சி: அந்தி நேரம். தெருமுனையில் ஒரு மின்கம்பம். விளக்கு எரியவில்லை.)

வணக்கம். இந்தக் கம்பத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கம்பமும் மேலே போகும் கம்பியும் மின்வாரியத்துடையவை. அதில் மாட்டியிருக்கும் விளக்கு பேரூராட்சியுடையது. அது எரிவதற்கான கரண்ட் பில்லையும் பேரூராட்சிதான் கட்டுகிறது. ஆக, பல்பு போய்விட்டால் பேரூராட்சி அலுவலகம். கம்பி தொங்கினாலோ கம்பம் சாய்ந்தாலோ மின்வாரியம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. ஒரே கம்பத்துக்கு இரண்டு அலுவலகங்கள். எதற்கு யார் பொறுப்பு என்று தெரியாமல் அலைந்தே நம் ஜனங்களுக்குப் பாதி நாள் போய்விடுகிறது. அதனால்தான் இந்த வீடியோ.

கடலூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கடலூர் 2021இல் மாநகராட்சி ஆனது. சிதம்பரம், பண்ருட்டி, விருத்தாசலம் போன்றவை நகராட்சிகள். புவனகிரி, குறிஞ்சிப்பாடி, பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, சேத்தியாத்தோப்பு மாதிரியான சின்ன ஊர்கள் பேரூராட்சிகள். வார்டு உறுப்பினரை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். கடைசியாக 2022 பிப்ரவரி 19இல் போட்டோம். அந்த உறுப்பினர்கள் தங்களுக்குள் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அலுவலகத்தை நடத்துபவர் செயல் அலுவலர். அவர் அரசு ஊழியர். மன்றத்தில் தீர்மானம் போடுவது உறுப்பினர்கள், அதை நடத்திக் காட்டுவது செயல் அலுவலர். இது ஞாபகம் இருந்தால் போதும்.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

(காட்சி: வீராணம் ஏரிக்கரை. பின்னணியில் மதகு.)

லால்பேட்டைக்குப் பக்கத்தில் வீராணம் ஏரி கடல் மாதிரி விரிந்து கிடக்கிறது. ஆனால் ஏரி பேரூராட்சியின் பொறுப்பில் இல்லை. அது நீர்வளத் துறையிடம் இருக்கிறது. ஏரித் தண்ணீரைச் சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்துக்கு ஏற்றி, சுத்தப்படுத்திச் சென்னைக்குக் கொண்டுபோகும் பெரிய குழாய் சென்னைக் குடிநீர் வாரியத்துடையது. அந்தக் குழாய் நம் ஊர் வழியாகப் போகிறது என்பதற்காக அதிலிருந்து தெருவுக்குத் தண்ணீர் விடப் பேரூராட்சிக்கு அதிகாரம் கிடையாது. பேரூராட்சியின் பொறுப்பு ஊருக்குள் இருக்கும் மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய், வீட்டு இணைப்பு, தொட்டியில் குளோரின் போடுவது. தண்ணீர் கலங்கலாக வந்தாலோ, சாக்கடை நாற்றம் அடித்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். எங்கேயோ குழாய் உடைந்து கழிவுநீர் கலந்துகொண்டிருக்கலாம். அன்றைக்கே சொல்லுங்கள்.

அடுத்து வடிகால். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்தில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 2015 வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை வந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று மழைக்காலம், முட்டிவரை தண்ணீர் நின்றது. ஒவ்வொரு முறையும் பேரூராட்சியில் மனு கொடுத்தோம். அவர்களும் ஆள் அனுப்பித் தெருச் சாக்கடையைத் தூர்வாரினார்கள். தண்ணீர் மறுபடி நின்றது. நான்காவது வருஷம் பெரியவர் ஒருவர் சாக்கடை ஓரமாகவே நடந்து, தண்ணீர் எங்கே போய் முட்டுகிறது என்று பார்த்தார். மெயின் ரோட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பாலம். உள்ளே மண்ணும், பிளாஸ்டிக் பையும், ஒரு பழைய பாயும் அடைத்துக்கிடந்தன. அந்த ரோடு பேரூராட்சியுடையது இல்லை. எங்கள் மனுக்கள் எல்லாம் தவறான மேசைக்கே போயிருக்கின்றன.

ஊருக்குள் இருக்கும் தெருக்களும் அவற்றின் வடிகாலும் பேரூராட்சிப் பொறுப்பு. ஊரைக் கிழித்துக்கொண்டு போகும் மெயின் ரோடு பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது. அதன் அடியில் இருக்கும் பாலமும் அப்படியே. அதைத் தாண்டி ஆறும் பாசன வாய்க்காலும் நீர்வளத் துறை. தண்ணீருக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது. எனவே மனுவை எழுதும்முன் ஒருமுறை சாக்கடை ஓரமாக நடந்து பாருங்கள். மழைக்கு முன்னால், ஆவணியிலேயே நடங்கள்.

(காட்சி: விடியற்காலை. பேட்டரி வண்டியோடு தூய்மைப் பணியாளர்.)

குப்பை முழுக்க முழுக்கப் பேரூராட்சியின் வேலை. நம் பங்கு, மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடுப்பது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதைக் கட்டாயம் ஆக்கின. சட்டம் கிடக்கட்டும். உடைந்த கண்ணாடியையும் ஊசியையும் சோற்றுக் குப்பையோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தால், அந்த மூட்டையைப் பிரிப்பது ஒரு பெண்ணின் கை. கண்ணாடியைப் பழைய பேப்பரில் சுற்றி, தனியாகக் கொடுத்து, வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ரேஷன் கடை, அரசு மருத்துவமனை, பட்டா, இவை எதுவும் பேரூராட்சியில் இல்லை. பிறப்பு, இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். அதுவும் நீங்கள் குடியிருக்கும் ஊரில் இல்லை, பிறப்போ இறப்போ நடந்த ஊரில். சிதம்பரத்தில் பிரசவம் என்றால் பதிவும் சிதம்பரத்தில்தான்.

புதுச்சேரியில் இருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு நகரத்தில் நகராட்சி, கிராமப் பகுதியில் கொம்யூன் பஞ்சாயத்து. 1968க்குப் பிறகு 2006இல்தான் அங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அப்புறம் பல வருஷமாகத் தேர்தலே இல்லை. கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டும் வழி இல்லாமல் போனதால், ஆணையரிடம்தான் போக வேண்டியிருந்தது. பாகூரில் இருப்பவருக்கும் கடலூரில் இருப்பவருக்கும் நடுவில் சில கிலோமீட்டர்தான். ஆனால் கடலூர்க்காரர் தன் தெரு விஷயத்துக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார், பாகூர்க்காரருக்கு அத்தனை வருஷமாக அந்த வாய்ப்பே வரவில்லை. இது எனக்கு வருத்தமான விஷயம்.

இனி மனு. "எங்கள் பகுதியில் விளக்கு எரியவில்லை" என்று எழுதாதீர்கள். வார்டு எண், தெருப் பெயர், கம்பத்தில் பெயின்டில் எழுதியிருக்கும் எண், எந்தத் தேதியிலிருந்து எரியவில்லை, இவ்வளவையும் எழுதுங்கள். ஒரு நகல் எடுத்து, அதில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வார்டு உறுப்பினருக்கும் ஒரு நகல் கொடுங்கள். மன்றக் கூட்டத்தில் எழுந்து கேட்கக்கூடியவர் அவர்தான். வேலை நடக்காவிட்டால் 'முதல்வரின் முகவரி' என்ற அரசுப் புகார்ப் பிரிவுக்கு 1100 எண்ணில் போன் செய்யுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம். அதற்கும் பதில் இல்லையா? 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி, "இந்தத் தேதியில் நான் கொடுத்த மனுவின் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும்.