பையின் சுவரில் ஒட்டியிருக்கும் கிருமி

(பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில், இரத்தம் கொடுப்பவர்கள் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். மழை தொடங்கி டெங்கு வந்துவிட்டால் பாலக்காட்டிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் தட்டணு) கேட்டு உங்களுக்குத்தான் போன் வரும். அதனால் இன்று பிளேட்லெட் பையைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன்.

சிவப்பணுவை 2 முதல் 6 டிகிரி குளிரில் வைக்கலாம். பிளேட்லெட்டைக் குளிரில் வைத்தால், உடம்பில் ஏற்றியதும் சீக்கிரம் அழிந்துவிடும். ஆகவே 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே, பொதுவாக 5 நாள்தான் வைக்கிறார்கள். அந்தச் சூடு பாக்டீரியாவுக்கும் சுகம். சரி, குளிரில் இருந்தால் பயமில்லையா? எர்சினியா என்ற கிருமி ஃபிரிட்ஜிலேயே பெருகும்.

பைக்குள் கிருமி எப்படிப் போகிறது? பெரும்பாலும் கொடுப்பவரின் தோலிலிருந்துதான். ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியா நம் எல்லார் தோலிலும் குடியிருக்கிறது; நன்றாகக் குளித்துவிட்டு வந்தாலும் இருக்கும். அதனால்தான் கையில் மருந்து தடவிக் காயும்வரை காத்திருக்கிறார்கள். முதலில் வரும் கொஞ்சம் இரத்தத்தைத் தனிச் சிறு பைக்குத் திருப்பிவிடும் வசதியும் உண்டு. அது வீணாவதில்லை, பரிசோதனைக்குப் போகும். "பஸ் போயிடும், சீக்கிரம் குத்துங்க" என்று தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.

இந்த எபிடெர்மிடிஸ் சும்மா மிதந்துகொண்டிருந்தால் பிடித்துவிடலாம். அது பையின் பிளாஸ்டிக்கில் ஒட்டி, பிசினைச் சுரந்து, குளத்துப் படியில் பாசி பிடிப்பதுபோல் படர்கிறது. இதுதான் பயோஃபிலிம், அதாவது கிருமிப் படலம். சோதனைக்கு எடுக்கிற சில மில்லியில் அது சிக்காமல் போகலாம். 'கிருமி இல்லை' என்று முடிவு வந்த பைக்குள்ளும் கிருமி இருக்கலாம் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

பிளேட்லெட் பையில் அமோடோசலென் என்ற மருந்தைச் சேர்த்துப் புறஊதா ஒளி பாய்ச்சினால், கிருமியின் டி.என்.ஏ. பெருக முடியாமல் முடங்கும். பிளேட்லெட்டுக்கு டி.என்.ஏ. இருக்கும் உட்கரு இல்லாததால் தப்பித்துக்கொள்ளும். கிருமி பெருகுவதற்கு முன்பே செய்தால்தான் பலன்; செலவும் கூடுதல். பையில் மட்டுமல்ல, மருந்து ஏற்ற நோயாளியின் இரத்த நாளத்தில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் குழாயிலும் இந்தப் படலம் பிடித்துவிட்டால் வழக்கமான ஆண்டிபயாடிக் அளவு எடுபடாது. பெரும்பாலும் குழாயையே எடுத்துவிடுவார்கள். எடுக்க முடியாத இடத்தில், கடுமையான மருந்தைக் குழாய்க்குள்ளேயே நிரப்பி மணிக்கணக்கில் பூட்டி வைக்கிறார்கள்.

அப்புறம், நோயாளிக்குத் துணையாக உட்காருகிறவர்களுக்கு ஒன்று. ஏற்றும்போது நடுக்கம், காய்ச்சல் வந்தால் போர்வையைப் போர்த்திவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். ஏற்றுவதை நிறுத்தி, அந்தப் பையை இரத்த வங்கிக்கு அனுப்ப வேண்டும். இரத்தம் கொடுத்தவருக்கு அன்றோ மறுநாளோ காய்ச்சல் வந்தாலும் இரத்த வங்கிக்குப் போன் செய்துவிடுங்கள். அதே இரத்தத்திலிருந்து பிரித்த சிவப்பணு இன்னொரு வார்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கலாம். அதையும் நிறுத்தியாக வேண்டும்.