சுடவைத்துத்தானே கொடுத்தேன்

நேயர்களுக்கு வணக்கம். தாராவியில் சிறிய கிளினிக் நடத்துகிறேன். மழைக்காலம் வந்துவிட்டால் காலை வரிசையில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், "ஸ்டேஷன் வாசலில் பானிபூரி" என்று பதில் தயாராக வரும். பானிபூரிக்காரருக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் வீட்டு அடுப்பின் மேல் ஒருவருக்கும் சந்தேகம் வருவதில்லை.

போன மழைக்காலத்தில் ஓர் அம்மா இரண்டு பிள்ளைகளையும் பள்ளியிலிருந்து நேரே கூட்டி வந்தார். 11 மணிக்கு டிபன் சாப்பிட்ட பிள்ளைகள், 1 மணிக்கெல்லாம் வாந்தி. கையோடு எவர்சில்வர் தூக்கையும் கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்தேன். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்த மஞ்சள் சோறு. முகர்ந்து பார்த்தேன், மணமாகத்தான் இருந்தது.

"ராத்திரிச் சோறுதான், டாக்டரம்மா. ஆனால் ஆவி பறக்கச் சுடவைத்துத்தானே கொடுத்தேன்?"

உண்மைதான், சுடவைத்திருந்தார். அதனால் பயன் இல்லை என்பதுதான் விஷயம். அரிசியோடு மண்ணிலிருந்து வரும் கிருமி ஒன்று உண்டு. பாசில்லஸ் சீரியஸ் என்று பெயர். அதன் நுண்வித்துகள் உலை கொதித்தாலும் சாவதில்லை. இரவு முழுவதும் சோறு பானையில் வெதுவெதுப்பாகக் கிடந்தால், அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு 121 டிகிரி சூட்டில் ஒன்றரை மணி நேரம் இருந்தாலும் அழியாது. நம் வாணலி எம்மாத்திரம்? சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும். தூக்கை நான் சோதனைக்கூடத்துக்கு அனுப்பவில்லை. நேரக் கணக்கும் ராத்திரிச் சோறும் எனக்குப் போதுமான சாட்சியாக இருந்தன. விரலில் புண்ணோடு உருட்டிய பால் இனிப்பிலும் இதே கதைதான், கிருமி மட்டும் வேறு.

ஆகவே வடித்த சோற்றை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் 1 மணி நேரம்தான் கெடு. பானையோடு தூக்கி வைத்தால் நடுவிலுள்ள சோறு ஆறவே நள்ளிரவாகிவிடும். தாம்பாளத்தில் பரப்பி, சின்னச் சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் அளவாக வடிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வாந்தியும் பேதியும் வந்துவிட்டால் என்ன செய்வது? முதல் மருந்து தண்ணீர்தான். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகாலானோபிஸ் காலராக்காரர்களைக் காப்பாற்றியது உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைக் கொடுத்துத்தான். அந்தக் கலவையைப் பொடியாக விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதன் மேல் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில் முழுவதுமாகக் கரையுங்கள். டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். பொட்டலம் கிடைக்காத இரவில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்கு நீங்களாக வாங்கிக் கொடுக்கவே கூடாது. மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, குழிவிழுந்த கண், எழுப்பினாலும் மயங்கிச் சரிவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

மூன்றாம் நாள் தூக்கை வாங்கிப்போக அந்த அம்மா வந்தார். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டார்களாம். "அப்படியானால் பழைய சோறும் கூடாதா? ஊரில் எங்கள் ஆச்சி கடைசிவரை அதைத்தான் குடித்தார்கள்" என்றார்.

அது வேறு என்றேன். நீரூற்றிய சோற்றில் புளிப்பு ஏற ஏறப் பல கெட்ட கிருமிகளுக்கு அங்கே பிழைப்பு நடக்காது. முழு உத்தரவாதம் தரமாட்டேன். சோறு ஆறியவுடன் நீரூற்ற வேண்டும், அந்த நீரும் காய்ச்சி ஆறியதாக இருக்க வேண்டும். "எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"குழாயில் வரும்போது டிரம்மில் பிடித்து வைப்பதுதான்" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "மூடி உடைந்து ஒரு மாதமாகிறது."