ஏமாற்றும் செதில்: சுண்ணாம்பு நிலத்து லைக்கன் ஒன்றை இனங்காணும் முறை

(கல்லூரித் தாவரவியல் மன்றக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே, வணக்கம்.

முன்வரிசையிலிருந்து இரண்டு காகிதப் பொட்டலங்கள் கைமாறிப் பின்னால் வந்துகொண்டிருக்கின்றன. இரண்டிலும் ஒரு சிறு மண்கட்டியும் அதன்மேல் செம்பழுப்பு நிறத்தில் சில செதில்களும் இருக்கும். கூடவே பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்றும் வருகிறது. ஒரு பொட்டலத்தில் இருப்பது சோரா டெசிபியென்ஸ் என்ற லைக்கன்; மற்றதில் இருப்பது அது அன்று. எது எது என்பதை நான் பேசி முடிப்பதற்குள் நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம். பொட்டலத்தின் மேல் தும்மிவிட வேண்டாம் என்பது ஒன்றே என் வேண்டுகோள்.

லைக்கன் என்றதும் பலருக்கு மலைப்பாறை நினைவுக்கு வரும். உண்மையில் நம்மில் பெரும்பாலோர் லைக்கனை முதலில் சந்தித்த இடம் சமையலறை. செட்டிநாட்டுக் குழம்பில் மணத்துக்குப் போடும் கல்பாசி ஒரு லைக்கன்தான். அது பாசியும் அன்று, பெரும்பாலும் கல்லில் வளர்வதும் அன்று. மரப்பட்டையிலிருந்து உரித்தெடுப்பதே மிகுதி. பெயரிலேயே இரண்டு பிழைகளைச் சுமந்துகொண்டு அஞ்சறைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் பொருள் அது. பூஞ்சை ஒன்று வீடு கட்ட, உள்ளே பாசியோ நீலப்பசும் பாக்டீரியமோ குடியிருந்து ஒளிச்சேர்க்கையால் சோறு போடும் கூட்டுக்குடும்பமே லைக்கன் என்பதை ஸ்விட்சர்லாந்து நாட்டு சைமன் ஷ்வெண்டனர் 1860-களின் இறுதியில் எடுத்துச் சொன்னபோது, அன்றைய லைக்கன் அறிஞர்கள் பலர் அதை ஏற்க மறுத்துக் கடுமையாக எதிர்த்தார்கள். அப்படி எதிர்த்தவர்களில் முதன்மையானவர் ஒருவரைப் பிறகு வேறொரு காரணத்துக்காக நன்றியோடு குறிப்பிடப்போகிறேன்.

லைக்கனின் உடலைத் தாலஸ் என்கிறோம். சுவரில் பூசிய வண்ணம்போல் ஒட்டிக்கிடந்து, அடித்தளத்தோடு பெயர்த்தால் அன்றி வராதது மேலோட்டு வகை. விரல்நகத்தால் ஓரத்தைத் தூக்கிவிட முடிவது இலை வகை. கல்பாசி இந்த இலை வகையைச் சேர்ந்தது. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது செதில் வகை. சில மில்லிமீட்டர் அகலமுள்ள தனித்தனிச் செதில்கள் மீன்செதில்போல் மண்ணில் பதிந்திருக்கும். அடியிலிருந்து நூல்போன்ற பூஞ்சை இழைகள் மண்துகள்களுக்குள் இறங்கி அவற்றைக் கட்டிப்பிடித்திருக்கும். சோரா என்ற பேரினப் பெயர் கிரேக்க மொழியில் சொறி சிரங்கைக் குறிக்கும் சொல். சோரியாசிஸ் என்ற தோல்நோயின் பெயரும் அதே வேரிலிருந்து வந்தது. நம்முடைய ‘சொறி’யோடு அது ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான் என்றாலும், நிலத்தின் தோலில் சிரங்கு படர்ந்ததுபோல் இந்த லைக்கன் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒற்றுமை மறக்காது. டெசிபியென்ஸ் என்பது இலத்தீன். ஏமாற்றுவது என்று பொருள். மாஸ் (moss) எனப்படும் சிறு பசுந்தாவரங்களை ஆராய்வதில் பெயர்பெற்ற யோகான் ஹெட்விக் 18-ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல்லை அதற்குச் சூட்டினார். அவர் எதை நினைத்துச் சூட்டியிருந்தாலும், அந்தப் பெயருக்கு நானே ஒரு சாட்சி.

இதைத் தேடிப் போக வேண்டிய இடம் எது? பால்டிக் கடலில் ஸ்வீடனுக்குச் சொந்தமான ஓலாந்து என்ற நீண்ட தீவை எடுத்துக்கொள்வோம். அதன் தென்பாதியில் ஏறத்தாழ 260 சதுர கிலோமீட்டர் பரப்புக்குச் சமதளமான சுண்ணாம்புப் பாறை விரிந்து கிடக்கிறது. ஆர்டோவிசியன் என்ற மிகப் பழைய புவியியல் காலத்தில் கடலடியில் படிந்த பாறை அது. அதன்மேல் பல இடங்களில் விரற்கடை அளவுக்குக்கூட மண் இல்லை. சில இடங்களில் பாறை வெறுமையாகவே கிடக்கிறது. ஆல்வார் என்று ஸ்வீடன் நாட்டவர் அழைக்கும் இந்த நிலத்தை 1741-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் நேரில் வந்து பார்த்து எழுதியிருக்கிறார்; 2000-இல் யுனெஸ்கோ தீவின் தென்பகுதி வேளாண் நிலக்காட்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. குளிர்காலத்தில் மண்ணுக்குள் நீர் உறைந்து பொங்கி, பின் இளகித் தாழ்வதால் புல்லின் வேர் அறுபட்டு, வெற்றுமண் திட்டுகள் உண்டாகின்றன. புல்லோடு போட்டியிட்டு வெல்ல முடியாத செதில் லைக்கனுக்கு அந்தத் திட்டுகளே புகலிடம். மாடும் ஆடும் மேய்வதை நிறுத்திவிட்டால் புல்லும் புதரும் மூடிக்கொள்ள, லைக்கன் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

அங்கே மண்டியிட்டுத் தரையோடு கண்ணை வைத்துப் பார்த்தால், ஒரு சாண் இடத்துக்குள் செங்கல் சிவப்பு, முட்டைக்கரு மஞ்சள், சாம்பல் பூத்த நீலம், மாவு பூசிய வெண்மை என்று நான்கு நிறங்கள் அடுத்தடுத்து இருப்பது தெரியும். ஜெர்மானியத் தாவரவியலார் இந்தக் கூட்டத்துக்கே ‘பலவண்ண மண்லைக்கன் சமூகம்’ என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் நாட்டில் கிஃப்ஹாய்சர் மலைப்பகுதியின் ஜிப்சக் குன்றுகளில் இது புகழ்பெற்றது. நிறத்தை வைத்தே நான்கையும் பெயர் சொல்லிவிடலாம் போலிருக்கும். ஆபத்து தொடங்குவது அந்த எண்ணத்தில்தான்.

முதலில் பார்க்க வேண்டியது லைக்கனை அன்று, அது நிற்கும் தரையை. பக்கத்தில் கிடக்கும் கல்லிலோ மண்ணிலோ ஒரு துளி வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் கால்சியம் கார்பனேட் இருக்கிறது. ஜிப்சமாக இருந்தால் நுரை வராது. லைக்கன்மேல் விட்டுவிடாதீர்கள், அது பாவம். சுண்ணாம்பு நிலத்தை விரும்பும் இனங்களும் அமில நிலத்தை விரும்பும் இனங்களும் பெரும்பாலும் தனித்தனி ஆட்கள் என்பதால், இந்த ஒரு துளியே ஐயப்பட்டியலில் பாதியை அடித்துவிடும். பிறகு செதில்கள் உட்கார்ந்திருக்கும் விதம்: சோரா டெசிபியென்ஸின் செதில்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று தள்ளித் தனித்தனியாக, தரையோடு படிந்து, விளிம்பில் சுண்ணாம்புக்கோடு இழுத்ததுபோன்ற வெள்ளை வரம்போடு இருக்கும். அந்த வெண்மை கால்சியம் ஆக்சலேட் படிகம். லைக்கன் தானே உண்டாக்கியது, வெளியிலிருந்து வந்த தூசி அன்று. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததுதான் முக்கியமானது: கனியுறுப்பு, அதாவது பூஞ்சை தன் வித்துகளை (ஸ்போர்களை) உண்டாக்கும் உறுப்பு, எங்கே, எப்படி இருக்கிறது? லின்னேயஸின் கடைசி மாணவரான எரிக் அக்காரியஸ் லைக்கன் ஆய்வுக்கென்றே உருவாக்கிய சொற்களில் ஒன்று அப்போத்தீசியம். திறந்த வட்டத்தட்டுப்போல் இருக்கும் கனியுறுப்பு அது. சோரா டெசிபியென்ஸில் அது கறுப்பாக, நன்கு புடைத்து, செதிலின் ஓரத்தில் ஒட்டவைத்த மிளகுபோல் நிற்கும். தட்டைச் சுற்றித் தாலஸின் நிறமுள்ள விளிம்பு இருக்காது. பக்கத்திலேயே வளரும் டோனினியா செடிஃபோலியாவுக்கும் கறுப்புத் தட்டுதான். ஆனால் அது செதில்களின் இடுக்கிலிருந்து எழும், செதில்கள் தட்டையாக இல்லாமல் கொப்புளம்போல் உப்பிச் சாம்பல்நீலப் பூச்சோடு இருக்கும். ஸ்குவாமரினா லென்டிஜெராவில் கதை வேறு: வெள்ளை மாவு தடவிய மடல்கள் வட்டமாகப் பூவடிவில் படர்ந்திருக்க, நடுவில் பழுப்புத் தட்டுகள் தாலஸ் நிறத்திலேயே கரை கட்டியிருக்கும். இங்கிலாந்தின் பிரெக்லாந்து பகுதியில் மிக அரிதாகிவிட்ட இதைச் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பழுப்புச் செதில்களைக் கண்டால் அது ரோம்ஜுலாரியா லூரிடாவாக இருக்கலாம். அதையும் நெடுங்காலம் சோரா என்றே அழைத்துவந்தார்கள். எல்லாவற்றிலும் சிக்கலானது பிளாசிடியம் ஸ்குவாமுலோசம். அதற்குத் தட்டே கிடையாது. கனியுறுப்பு குடுவைபோல் செதிலுக்குள் புதைந்திருக்க, அதன் வாய் மட்டும் ஊசிமுனைப் புள்ளியாக மேலே தெரியும். லென்ஸ் இல்லாத கண்ணுக்கு அது வெறும் பழுப்புச் செதில்.

நுண்ணோக்கியில் சோராவின் தட்டைக் குறுக்கே சீவிப் பார்த்தால், பை ஒன்றுக்கு எட்டு வீதம் நிறமற்ற, தடுப்புச்சுவர் இல்லாத வித்துகள் தெரியும். டோனினியா செடிஃபோலியாவின் வித்துக்கோ நடுவில் ஒரு சுவர் உண்டு. ஆனால் பிளாசிடியத்தின் வித்தும் சுவரில்லாத எட்டுதான். வித்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுதினால் அங்கேயும் ஏமாறுவோம்.

இனி வேதிச் சோதனை. நான் முன்பு சொன்ன அந்த எதிர்ப்பாளர் பின்லாந்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த வில்லியம் நைலாண்டர். லைக்கன் ஒரு கூட்டுயிர் என்பதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆனால் 1866-இல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, வெளுப்புக் கரைசல் ஆகியவற்றைத் துளி விட்டு நிறமாற்றம் பார்க்கும் முறையை நமக்குத் தந்தவர் அவரே. முட்டைக்கரு மஞ்சளில் இருக்கும் ஃபுல்ஜென்சியாவில் முதல் கரைசல் பட்டதும் கருஞ்சிவப்பு ஊதா பரவும். ஒரு தடவை பார்த்தால் போதும், மறக்காது. சோரா டெசிபியென்ஸின் செதிலோ பெரும்பாலான மாதிரிகளில் எதற்கும் நிறம் மாறாமல் பேசாமல் இருக்கும். அதன் கறுப்புத் தட்டின் மெல்லிய சீவலில் மட்டும், மேலடுக்கின் செம்மஞ்சள் படிகங்கள் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைந்து ஊதா நிறம் கசியும். மூன்றாவது வினைபொருள் பாராஃபினைலின்டையமின். ஜப்பானிய அறிஞர் யசுஹிகோ அசாஹினா 1930-களில் புகுத்தியது. ஸ்குவாமரினா லென்டிஜெராவைப் பெரும்பாலும் அது தொடுவதில்லை. அதன் உறவான ஸ்குவாமரினா கார்ட்டிலாஜினியாவின் பல மாதிரிகளை மஞ்சளாக்கும். தலைமுடிச் சாயங்களில் ஒவ்வாமை உண்டாக்கும் அதே பொருள்தான் இது. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. வகுப்பில் செய்முறைக்கு இதைத் தரவே வேண்டாம் என்பது என் கருத்து.

உள்ளே குடியிருக்கும் பாசியை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று ஒரு மாணவர் காலையில் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் ஓலாந்து, ஜெர்மனியின் கோசன்ஹைம், ஆஸ்திரிய ஆல்ப்ஸில் ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்து ஹாக்டோர், ஸ்பெயினின் வறண்ட டபெர்னாஸ் ஆகிய நான்கு இடங்களிலும் இந்த லைக்கனை ஆராய்ந்தவர்கள், இந்தப் பூஞ்சை பாசித் துணையைத் தேர்ந்தெடுப்பதில் அவ்வளவு கறாராக இல்லை என்பதைக் கண்டார்கள். ஊருக்கு ஊர் அங்கே கிடைக்கும் பச்சைப்பாசியோடு அது குடித்தனம் நடத்திவிடுகிறது. லைக்கனின் பெயர் பூஞ்சைக்கு உரியது என்ற விதி எவ்வளவு வசதியானது என்பது இங்கே புரிகிறது.

சரி, பொட்டலங்கள் கடைசி வரிசையை எட்டிவிட்டன. நீல நூல் கட்டிய பொட்டலத்தில் இருப்பது சோரா. சிவப்பு நூல் கட்டியது என் மாணவப் பருவத்துச் சேகரிப்பு. மாலை வெயில் சாய்ந்து, எல்லாமே செங்கல் நிறமாகத் தெரிந்த நேரத்தில் எடுத்தது. செதிலின் ஓரத்தில் வெள்ளை வரம்பையும் கண்டேன். வேறென்ன வேண்டும் என்று சோரா டெசிபியென்ஸ் என எழுதி, நாளும் இடமும் குறித்து, ஓர் உலர்தாவரச் சேகரத்துக்குக் கொடுத்துவிட்டேன். சில ஆண்டுகள் கழித்து அதை எடுத்துப் பார்த்த ஆய்வாளர் ஒருவர், ஒரு துளி நீர் விட்டு மெல்லிய தூரிகையால் ஓரத்தைத் தொட்டிருக்கிறார். வெள்ளை வரம்பு தூளாக விலகிவிட்டது. அது காற்றில் வந்து ஒட்டிய சுண்ணாம்புத் தூசி. கழுவிய செதிலின் மேற்பரப்பில் ஊசியால் குத்தியதுபோல் கரும்புள்ளிகள். லைக்கன்மேல் தொற்றி வாழும் வேறு பூஞ்சையும் அப்படிப் புள்ளியிடும் என்பதால், அவர் அதையும் விட்டுவைக்காமல் குறுக்கே சீவிப் பார்த்துக் குடுவைகள் செதிலுக்கே உரியவை என்று உறுதிசெய்துகொண்டிருக்கிறார். அது பிளாசிடியம்.

சேகரங்களில் பழைய சீட்டைக் கிழித்தெறியும் வழக்கம் இல்லை. பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள்: மேலே என் கையெழுத்தில் ‘சோரா டெசிபியென்ஸ்’ என்று, கீழே இரண்டு கோடு வேறு போட்டு அழுத்தமாக எழுதியிருக்கிறது. அதன் அடியில் ஒட்டிய சிறு வெள்ளைச் சீட்டில், பென்சிலால், சரியான பெயர்.